காப்பி நுழைந்த கெவி

பழனிமலையில் வெள்ளகவி என்று ஓர் ஊர். வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறையைத் தாண்டிச் செங்குத்தாக இறங்கினால் வரும். பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியிலிருந்து ஏறினாலும் வரும். கொடைக்கானல் மலைவாசத்தலம் ஆவதற்கு முன்பே இருந்த ஊர். 1821-இல் லெப்டினன்ட் பி. எஸ். வார்டு மலையை அளக்க வந்தபோது, மலைவாழ் மக்களான குன்னுவர்களின் இந்த ஊரில் தங்கித்தான் மேலே ஏறினார். அமெரிக்க மிஷன்காரர்கள் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியது அதற்கும் பிறகு, 1845-இல். நெடுங்காலம் சாலை இல்லாமலே இருந்துவிட்ட ஊர். சுமையெல்லாம் குதிரை முதுகில்தான். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை.

குன்னுவர் என்ற பெயரைச் சொன்னதும் குன்று தெரிகிறது. வெள்ளகவியில் என்ன தெரிகிறது? முன்பாதியை வெள்ளை என்றும் படிக்கலாம், வெள்ளம் என்றும் படிக்கலாம், அதை விட்டுவிடுவோம். பின்பாதிதான் சுவையானது. பேச்சில் அது 'வெள்ளகெவி' ஆகிவிடும். கெவி என்றால் குகை, ஆழமான பள்ளம். கன்னடத்தில் குகைக்குக் 'கவி' என்றே பெயர். பெங்களூரின் கவி கங்காதரேசுவரர் கோயில் ஒரு குடைவரை. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் 'மாதா கெபி' என்று சொல்லும் கெபியும் இந்தக் குடும்பம்தான். பாட்டு எழுதுகிற கவிக்கும் இந்த ஊருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இந்தக் கெவி ஊரில் விளைகிறவற்றில் ஒன்று காப்பி. சிவந்த பழத்தை இரண்டு விரலால் அழுத்தினால் தோல் கிழிந்து, வழவழவென்று இரண்டு கொட்டைகள் நழுவி வெளியே வரும். ஒட்டியிருக்கும் பிசுபிசுப்பைச் சப்பினால் இனிக்கும். இரண்டு கொட்டையும் தட்டை முகத்தை ஒன்றோடொன்று சேர்த்து வைத்துக்கொண்டு உள்ளே கிடந்தவை. அந்தத் தட்டை முகத்தின் நடுவே நீளவாக்கில் ஒரு வெட்டு. சதையை எடுத்துக் கழுவி, மேல்தோலோடு காயவைத்தால் 'பார்ச்மென்ட்'. பழத்தை அப்படியே களத்தில் உலர்த்தினால் 'செர்ரி'. மலையில் விலை பேசும்போது இந்த இரண்டு சொல்லும்தான் அடிபடும்.

காப்பி என்ற பெயர் அந்தச் செடியின் பிறந்த ஊர்ப் பெயரன்று. செடி பிறந்தது எத்தியோப்பியாவின் தென்மேற்குக் காடுகளில். அங்கே அதற்கு 'புன்னா' என்று பெயர். அரபு மொழியில் கொட்டை 'புன்', குடிக்கிற பானம் 'கஹ்வா'. கஹ்வா என்ற சொல் அதற்கு முன்பு மதுவையும் குறித்தது. துருக்கியர் அதைக் 'கஹ்வே' என்றார்கள், டச்சுக்காரர்கள் 'கொஃபி' ஆக்கினார்கள், ஆங்கிலேயர் தம் வாய்க்கேற்பத் திருத்திக்கொண்டார்கள். எத்தியோப்பியாவின் காஃபா என்ற நிலப்பகுதியின் பெயர்தான் மூலம் என்று சொல்வோரும் உண்டு. ஒலி ஒன்றுபோல இருக்கிறதே என்பதைத் தவிர அந்த வாதத்தில் எனக்குப் பெரிய பலம் தெரியவில்லை. தன் ஊரில் புன்னாவாக இருக்கும் பொருள், ஊர்ப் பெயரைச் சூடிக்கொண்டு வெளியே போயிருக்குமா?

தமிழுக்குள் அது இரண்டு வாசல் வழியாக வந்தது. இங்கே ஆங்கிலத்தின் வழியாகக் காப்பி. இலங்கைத் தமிழரும் மலேசியத் தமிழரும் சொல்வது கோப்பி. டச்சுக்காரர்கள் ஆண்ட கரைகளில் அந்த ஓகாரம் தங்கிவிட்டது. வீட்டுக்குள் வந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். காப்பியைக் கண்டு முகம் சுளித்த தமிழ் வீடு, பிறகு அதையே விருந்தோம்பலின் அடையாளமாக்கிக்கொண்டது.

தாவரவியலாரும் செடியின் ஊரைத் தவறாகவே குறித்தார்கள். 1713-இல் ஜுசியூ என்ற பிரெஞ்சுக்காரர், பூவைப் பார்த்து அதை அரேபிய மல்லிகை என்று வகைப்படுத்தினார். மழை விட்டதும் கிளை முழுக்கப் பூத்து மணக்கும் காப்பித் தோட்டத்தைப் பார்த்தவர்கள் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். 1753-இல் லின்னேயஸ் மல்லிகையை விலக்கினார், அரேபியாவை விட்டுவைத்தார். ஏமன் துறைமுகங்களிலிருந்து வந்த சரக்கு என்பதால் 'காஃபியா அராபிகா' ஆயிற்று. மலையில் அரபிகா, ரோபஸ்டா என்று இன்று தரம் பிரிக்கும்போதும் அரேபியாதான் நாவில் வருகிறது.

1819-இல் ஜெர்மனியில் ருங்கே என்ற இளம் வேதியியலார், கவிஞர் கோதே கையில் கொடுத்த ஒரு பெட்டிக் காப்பிக் கொட்டையிலிருந்து வெண்ணிறப் படிகம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். 1821-இல் பிரான்சில் ரோபிக்கே முதலியோர் தனியாக அதையே கண்டனர். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் நிலைத்தது: காஃபீன். 1827-இல் தேயிலையில் ஒரு படிகம் கிடைத்தது, தேயீன் என்றார்கள். கிடைத்த இடமே பெயராயிற்று. இரண்டும் ஒரே பொருள் என்று 1838-இல் காட்டியவர்களில் ஒருவர் டச்சு நாட்டு முல்டர்.

அதே 1838-இல் அதே முல்டருக்கு ஸ்வீடனிலிருந்து பெர்சிலியஸ் ஒரு கடிதம் எழுதினார். முட்டை வெண்கருவிலும் இரத்தத்திலும் பாலிலும் முல்டர் ஆராய்ந்துகொண்டிருந்த பொருளுக்கு, 'முதன்மையானது' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'புரோட்டீன்' என்று பெயரிடலாம் என்பது அவர் யோசனை. முல்டர் அந்த ஆண்டே அதை அச்சில் ஏற்றினார். எல்லா உயிரிலும் இருப்பது ஒரே மூலப்பொருள் என்ற அவருடைய கொள்கை சில ஆண்டுகளிலேயே தோற்றது, பெயர் பிழைத்தது. தமிழில் அது ஒலியை ஒட்டியே புரதம் ஆனது. காஃபீனும் புரதமும் ஒரே மனிதரின் மேசையில் ஒரே ஆண்டில் கிடந்திருக்கின்றன. உடலுக்குள் இந்த இரண்டுக்கும் என்ன கணக்கு என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

அந்தக் கணக்கை எமில் ஃபிஷர் பாதி போட்டார். காஃபீன், சிறுநீரில் வரும் யூரிக் அமிலம், அடினீன் என்று வெவ்வேறு இடத்தில் கிடைத்த பொருள்கள் ஒரே இரட்டை வளையத்தின் மேல் கட்டப்பட்டவை என்று காட்டினார். அந்த வளையத்துக்குப் 'பியூரின்' என்ற பெயரை 1884-இலேயே உருவாக்கியிருந்தார். காஃபீனை ஆய்வகத்தில் 1895-இல் செய்தும் காட்டினார். 1902-இல் அவருக்கு வந்த நோபல் பரிசு, பியூரினுக்கும் சர்க்கரைகளுக்கும் சேர்த்து. பெயரை மட்டும் வைத்துப் பார்த்தால் காஃபீனும் அடினீனும் ஒன்றுக்கொன்று அந்நியம். அடினீன் என்பது சுரப்பியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மாட்டின் கணையத்தில் கிடைத்ததால் கோசெல் 1885-இல் இட்ட பெயர். வேதியியல் பெயர்கள் பெரும்பாலும் விலாசங்கள்தான். பொருள் யார் வீட்டுப் பிள்ளை என்பதை அவை மறைத்துவிடுகின்றன.

ஃபிஷரின் சர்க்கரை வேலையில்தான் அரேபியா மறுபடி வருகிறது. அரபிக்கோந்து தெரியும், நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கருவேலம் பிசினின் நெருங்கிய உறவு. அதிலிருந்து கிடைத்த சர்க்கரைக்கு அரபினோஸ் என்று முன்பே பெயர் வைத்திருந்தார்கள். அதன் அமைப்பில் ஓர் இடத்தை மட்டும் புரட்டிப்போட்டால் இன்னொரு சர்க்கரை. 1891-இல் அதைச் செய்த ஃபிஷர், புதுப் பெயர் தேடி அலையவில்லை. அரபினோஸின் எழுத்துகளையே குலைத்து, சிலவற்றை உதிர்த்து, ரிபோஸ் என்றார். ரகரத்திலும் பகரத்திலும் அரபு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆர்.என்.ஏ.வில் உள்ள 'ஆர்' இந்த ரிபோஸ். அடினீனும் ரிபோஸும் சேர்ந்தால் அடினோசின்.

இனி உயிரணுவுக்குள் போவோம். செல் என்பதும் அறை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லே. 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் குட்டிக் குட்டி அறைகளைக் கண்டு வைத்தது. செல்லின் வேலைகளுக்கெல்லாம் ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு, அடினோசினோடு மூன்று பாஸ்பேட் கோத்த பொருள். விழித்திருக்கும் நேரம் முழுக்க மூளை அதைச் செலவழிக்கிறது. செலவு கூடக்கூட நரம்பணுக்களுக்கு வெளியே அடினோசின் சேர்கிறது. சேர்ந்தது, அணுவின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்களைத் தொடுகிறது.

அவற்றில் ஒன்றின் பெயர் ஏ2ஏ. 412 அமினோ அமிலங்கள் கோத்த நூல். செல்லின் சவ்வை ஏழு முறை உள்ளும் புறமுமாகத் துளைத்து நிற்கிறது. அந்த ஏழு திருகுகளுக்கு நடுவில் வெளிப்பக்கம் பார்த்து ஒரு குழிவு. ஆங்கிலத்தில் அதைச் சட்டைப்பை என்கிறார்கள். எனக்குக் கெவி என்று சொல்லத் தோன்றுகிறது. 2008-இல் இதன் முப்பரிமாண வடிவம் வெளியானது. 2011-இல் அடினோசினோடும் காஃபீனோடும் இருக்கும் வடிவங்கள் வந்தன. குழிவின் சுவரில் 253-ஆம் இடத்தில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் நீட்டிக்கொண்டிருக்கிறது. வருகிற பியூரின் வளையத்தைப் பிடிப்பது அதுதான். இந்தப் பெயரும் விலாசமே: 1806-இல் தண்ணீர்விட்டான் குடும்பத்து அஸ்பராகஸ் தண்டின் சாற்றில் கிடைத்தது. கண்டுபிடித்த இருவரில் ஒருவர், பின்னாளில் காஃபீனைப் பிரித்த அதே ரோபிக்கே.

வளையம் மாட்டினால் மட்டும் புரதம் வேலை செய்யாது. அடினோசின் நுழையும்போது அதன் ரிபோஸ் பகுதி குழிவின் அடிவரை இறங்கி, 277, 278-ஆம் இடங்களைத் தொட்டு, திருகுகளைச் சற்றே உள்ளிழுக்கிறது. மேலே ஏற்பட்ட அந்தச் சிறு அசைவில் சவ்வின் அடிப்பக்கம் புரதத்தின் வடிவம் மாறுகிறது. அங்கே காத்திருக்கும் ஜி-புரதம் விழித்துக்கொண்டு, செல்லுக்குள் சுழல் ஏ.எம்.பி. என்ற தூது மூலக்கூற்றின் அளவைக் கூட்டுகிறது. ஏ1 என்ற இன்னொரு புரதத்தில் அதே அடினோசின் பட்டால் அளவு குறைகிறது; நரம்பணு அடங்குகிறது. ஒரே மூலக்கூறு, ஒரு செல்லில் ஒரு சேதி, வேறொரு செல்லில் வேறு சேதி. கேட்கிற புரதத்தைப் பொறுத்துத்தான் பொருள். மொத்த விளைவு, நமக்குத் தூக்கம் வருகிறது.

காஃபீனிடம் வளையம் இருக்கிறது, ரிபோஸ் இல்லை. அது குழிவுக்குள் போகும், அஸ்பராஜின் பக்கம் ஒட்டும், அடிவரை இறங்கிப் பிடித்து இழுக்க அதனிடம் ஒன்றுமில்லை. தேனி பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல, உட்காரவும் இல்லை, உட்கார விடவும் இல்லை. அடினோசின் வெளியே நிற்கிறது. களைப்பு இருக்கிறது, களைப்பின் செய்தி மட்டும் போய்ச் சேரவில்லை. ஏ2ஏ புரதம் இல்லாமல் வளர்த்த எலிகளுக்குக் காஃபீன் கொடுத்தும் அவை கூடுதலாக விழித்திருக்கவில்லை என்று 2005-இல் வந்த ஆய்வு காட்டியது. அராபிகா என்று பெயர் வாங்கிய செடியின் சாரம் நம்மை விழிக்க வைப்பதற்குக் காரணம், அரபு பெயரைச் சுமக்கும் சர்க்கரை அதனிடம் இல்லாததுதான். பெயர் வைத்தவர்கள் யாரும் திட்டமிட்ட வேடிக்கை இல்லை இது.

பூட்டும் சாவியும் என்ற உவமையை நொதிகளுக்காக 1894-இல் சொன்னவரும் ஃபிஷரே. செல் எதையும் பெயரால் அறிவதில்லை, வடிவத்தால் அறிகிறது. அந்த வகையில் இந்த நீண்ட பெயர் வரிசையில் பாவம் நம் 'குளம்பி' ஒன்றுதான் தேறுகிறது. தனித்தமிழ் அன்பர்கள் கொட்டையின் நடுவெட்டைப் பார்த்து, பிளந்த குளம்பு என்று கண்டு வைத்த பெயர். கடையில் போய்க் குளம்பி கேட்டால் சர்வர் சிரிப்பார். நானும் காப்பி என்றுதான் கேட்பேன். ஆனாலும் ஊர் பார்த்து வைக்காமல் உரு பார்த்து வைத்த பெயர் அது.

துண்டு போட்ட இடம் என்றைக்கும் துண்டுக்காரருக்கே கிடைப்பதில்லை. தொடர்ந்து காஃபீன் கொடுத்த விலங்குகளின் மூளையில் அடினோசின் புரதங்கள், குறிப்பாக ஏ1, எண்ணிக்கையில் கூடுகின்றன. இருக்கை அடைபட்டுக் கிடக்கிறது என்று செல் கூடுதல் இருக்கை போடுகிறது. அவற்றைக் கோக்கும் இடம் ரிபோசோம். பெயரில் அதே ரிபோஸ். அந்த ரிபோசோமின் வடிவத்தை வெளிப்படுத்தியதற்காகச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009-இல் இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்தார். பழகிய ஒருவர் விரத நாளென்று காப்பியை நிறுத்தினால், கூடுதல் இருக்கைகளும் சேர்ந்து ஒரேயடியாகக் காலியாகின்றன. அடினோசின் எல்லாவற்றிலும் அமர்கிறது, மூளையின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. கடைசிக் காப்பி குடித்துப் பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் தலைவலி தொடங்கிவிடும். வீட்டில் அதற்குச் சொல்லும் பெயர் 'காப்பி கேக்குது' என்பது.