வாகனத் தட்டுப்பாட்டில் கார் வாங்குவது: விலை, பத்திரம், கடன்

இலங்கையில் ஒரு சிறிய கார் வாங்குவது இன்று ஒரு நடுத்தரக் குடும்பத்தின் பல வருடச் சேமிப்பையே கேட்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் நாட்டுக்குள் ஏற்கனவே இருந்த கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கை மாறும்போதும் விலை ஏறியது. பழைய வெகன் ஆர் ஒன்றை, தான் புதிதாக வாங்கிய விலையை விட இரட்டிப்புக்கு விற்றவர்களை நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும்.

இறக்குமதி திறந்ததும் விலை விழுந்துவிடும் என்று பலர் காத்திருந்தனர். அப்படி நடக்கவில்லை. ஒரு காரணம் ரூபாய். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், அதே வருடம் மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது. பிறகு ஓரளவு இறங்கி 300 ரூபாய் அளவில் நின்றது. பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. இன்னொரு காரணம் வரி. சுங்கத் தீர்வை, உற்பத்தி வரி, விலை கூடிய வாகனங்களுக்கு ஆடம்பர வரி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்த தொகையின் மேல் 18% பெறுமதி சேர் வரி விழுகிறது. இதில் பெரும் பங்கு உற்பத்தி வரி. அது பெற்றோல் காருக்கு எஞ்சின் கொள்ளளவை வைத்தும், மின்சாரக் காருக்கு மோட்டாரின் கிலோவோட் அளவை வைத்தும் கணக்கிடப்படுகிறது. ஜப்பானில் மலிவாகக் கிடைத்த கார் என்பதற்காக இங்கே அந்த வரி குறைந்துவிடாது. "ஜப்பான் ஏலத்தில் என்ன விலை தெரியுமா?" என்று தொலைபேசியில் படம் காட்டுபவர்களிடம் இதைத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

எந்தக் கார் என்பதற்கு முன்னால், இப்போது கார் வேண்டுமா என்று குடும்பமாக உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, 70 இலட்சம் ரூபாய் கார். கையில் பாதி இருக்கிறது, மீதி 35 இலட்சத்துக்கு ஒரு நிறுவனத்திடம் போகிறீர்கள். இலாபம் சேர்ந்து 60 மாதங்களில் 49 இலட்சம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 81,700 ரூபாய். அதன் மேல் எரிபொருள், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, டயர், சர்விஸ். மறுபக்கம், பிள்ளைகளின் பாடசாலை வேன், உம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் ஓட்டோ, மாதத்தில் இரண்டு தூரப் பயணத்துக்கு வேன் ஹயர், எல்லாம் சேர்த்து 30,000 அல்லது 40,000தான் வருகிறது என்றால் கார் உங்களுக்கு வசதி; தேவை அல்ல. வசதியை விரும்புவதில் தவறில்லை. ஆனால் அதற்காக ஹஜ்ஜுக்குச் சேர்த்த பணத்தையும் மனைவியின் நகையையும் ஒன்றாக எடுப்பதா என்பது வேறு விடயம்.

வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் செய்யும் பெற்றோர் வீட்டில் இருந்தால், அல்லது கார்தான் தொழில் என்றால், கணக்கு வேறு. அப்போதும் விலை இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துத்தான் ஆக வேண்டும். தட்டுப்பாட்டு விலையில் வாங்கியது வரி குறையும் நாளில் மதிப்பை இழக்கும். கடன் தொகை மட்டும் அப்படியே நிற்கும்.

வாகனத்தைப் பார்க்கும்போது

ஐந்து வருடத் தட்டுப்பாடு நம் சந்தையில் உள்ள கார்களின் மேல் சில அடையாளங்களை விட்டுச் சென்றிருக்கிறது. புதிய உதிரிப்பாகம் கிடைக்காத காலத்தில் கிடைத்ததைப் போட்டு ஓட்டிய கார்கள் உண்டு. 2022இல் எரிபொருள் இல்லாமல், பிறகு கியூ.ஆர். முறையில் வாரத்துக்குச் சில லீற்றர்களோடு, மாதக்கணக்கில் வாசலில் நின்ற கார்களும் உண்டு. "ஓடவே இல்லை, வீட்டில்தான் நின்றது" என்பது விற்பவருக்குப் பெருமை. நின்ற காரின் டயர் இறுகும், ஹைபிரிட் பெட்டரி பலவீனப்படும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. 25,000 கிலோமீற்றர் மட்டும் ஓடியதாகக் காட்டும் காரில் நான்கு டயரும் ஏற்கனவே மாற்றப்பட்டிருந்தால் மீட்டரைச் சந்தேகிக்க இடமுண்டு. பிரேக் மிதியின் றப்பர், ஸ்டியரிங் தோல், சாரதி ஆசனத்தின் ஓரம் ஆகியவற்றில் தேய்மானத்தை மறைப்பது மீட்டரைக் குறைப்பது போல எளிதல்ல.

ஜப்பானிலிருந்து வந்த கார் என்றால் ஏலத் தாளைக் கேளுங்கள். அதில் 4.5, 4, 3.5 என்று தரம் இருக்கும், அன்றைய கிலோமீற்றரும் இருக்கும். ஆர் என்ற எழுத்து இருந்தால் அது விபத்தில் அடிபட்டுத் திருத்தப்பட்டது. தாளைப் போலியாக அச்சிடுபவர்களும் இருப்பதால் சேசி இலக்கத்தைக் கொடுத்து இணையத்தில் கட்டணம் செலுத்திச் சரிபார்ப்பது நல்லது. சில ஆயிரம் ரூபாய்க்குப் பின்வாங்கி இலட்சங்களை இழப்பவர்கள் அதிகம்.

அக்வா, பிரியஸ் போன்றவற்றில் ஹைபிரிட் பெட்டரியைக் குளிரூட்டும் காற்றுவழி பின் ஆசனத்தின் பக்கம் இருக்கிறது. அது தூசியால் அடைபட்டால் பெட்டரி சூடேறிச் சீக்கிரம் கெடும். ஸ்கேன் கருவியில் பெட்டரிப் பகுதிகளின் அழுத்தம் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்று தெரிந்த கராஜில் பார்க்கச் சொல்லுங்கள். ஹொண்டா பிட், வெசல் ஹைபிரிட் கார்களில் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டி இருப்பதால், நெரிசலில் மெதுவாக ஊர்ந்து ஓட்டிப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். பழைய நிசான் லீப் என்றால் மீட்டரில் பெட்டரிக் கொள்ளளவைக் காட்டும் 12 கோடுகளில் எத்தனை மிச்சம் என்பதே விலையைத் தீர்மானிக்க வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார் தனி ஆபத்து. 2016 மே மாதம் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் நீரில் நின்ற கார்கள் எத்தனை என்று அந்தப் பகுதி மக்களுக்கு நினைவிருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த வெள்ளம் அதை விடப் பெரியது. அந்தக் கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு வேறு மாவட்டத்தில் விற்பனைக்கு வரும். ஆசனப் பட்டியை முழுவதும் இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அதன் கடைசி அடியில் மிஞ்சும். தரை விரிப்பின் அடியில் உள்ள ஆணிகளின் துரு, விளக்குக் கண்ணாடிக்குள் ஈரம், காருக்குள் வாசனைத் திரவியத்தின் தூக்கலான மணம், இவை கண்டால் விலகுங்கள்.

பத்திரங்கள்

நம் மக்கள் அதிகம் ஏமாறுவது எஞ்சினில் அல்ல, கடதாசியில். பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் அந்தக் காரின் கடன் இன்னும் தீரவில்லை, அல்லது தீர்ந்தும் விடுவிக்கப்படவில்லை. "இரண்டு தவணைதான் மிச்சம், நீங்கள் காசைத் தாருங்கள், நான் கட்டிவிடுகிறேன்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். விற்பவரோடு கம்பனிக்கே போய், மிச்சத்தை அங்கேயே செலுத்தி, விடுவிப்புக் கடிதத்தைக் கையில் வாங்கிய பின் மீதிப் பணத்தைக் கொடுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையிலும் வாகன இலக்கத்தை வைத்து விபரம் பார்க்கலாம்.

இன்னொன்று ஓபன் பேப்பர். உரிமை மாற்றப் படிவத்தில் முதல் உரிமையாளர் கையெழுத்திட்டுக் கொடுத்திருப்பார். அதற்குப் பிறகு மூன்று, நான்கு பேர் பெயர் மாற்றாமலேயே விற்றிருப்பார்கள். இன்று உங்களிடம் விற்பவரின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. முதல் உரிமையாளர் வெளிநாடு போயிருந்தால், மௌத்தாகியிருந்தால், அடையாள அட்டைப் பிரதி பொருந்தாமல் போனால் நீங்கள் வெரஹெரவுக்கும் நாரஹேன்பிட்டிக்கும் அலைய வேண்டும். அந்தக் கார் ஏதாவது குற்றச் செயலுக்குப் பயன்பட்டிருந்தால் பொலிஸ் முதலில் தேடிப்போவது அந்த அப்பாவி முதல் உரிமையாளரை. அதனால் விற்பவர்களும் எம்.டி.ஏ. 8 படிவத்தின் மூலம் திணைக்களத்துக்கு அறிவித்துவிட வேண்டும். வாங்கியவர் எம்.டி.ஏ. 6 படிவத்தோடு 14 நாட்களுக்குள் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். வரி அடையாள இலக்கத்தையும் முதலே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தயாரித்த ஆண்டும் பதிவு செய்த ஆண்டும் ஒன்றல்ல. 2015இல் தயாராகி 2017இல் பதிவான காரை "2017 மொடல்" என்று சொல்லி விற்பார்கள். சான்றிதழில் இரண்டும் இருக்கும்.

முற்பணம்

கப்பலில் வரப்போகும் காருக்கு இன்று முற்பணம் கட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கையில் இல்லாத காரை விற்பவர் உங்களிடம் விற்பது எதை என்று தெளிவாக இருக்க வேண்டும். விலை ரூபாயில் நிலையானதா, டொலர் ஏறினால் கூடுமா, வரி மாறினால் யார் தாங்குவது, நாணயக் கடிதம் யார் பெயரில் திறக்கப்படுகிறது, எத்தனை நாளில் வரவில்லை என்றால் பணம் திரும்பும். இவை எழுத்தில் இல்லாத இடத்தில் பின்னர் வருவது சண்டைதான். தனிநபர் ஒருவர் 12 மாதத்தில் ஒரு வாகனம் தன் பெயரில் இறக்கலாம் என்ற அனுமதியைப் பயன்படுத்தி, உங்கள் பெயரையே கடன் கேட்கும் முகவர்களும் இருக்கிறார்கள். மறுத்துவிடுங்கள்.

வாங்காமல் விட்டால் முற்பணம் போய்விடும் என்ற நிபந்தனையை ஷாஃபிஈ, ஹனஃபி, மாலிகி மத்ஹபுகள் ஏற்பதில்லை. ஹன்பலி மத்ஹப் அனுமதிக்கிறது. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1993இல் காலவரையறை இருந்தால் கூடும் என்று தீர்மானித்தது. எனவே கொடுக்கும்போதே திரும்பும் முற்பணமா, திரும்பாததா, எந்தத் திகதி வரை என்று பேசி எழுதுங்கள்.

கடன்

வட்டி லீசிங் கூடாது என்று தெரிந்தே, வேறு வழியில்லை என்று போகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். வழி இருக்கிறது. 2011இல் வங்கிச் சேவை தொடங்கிய அமானா வங்கியோடு, பல வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தனி இஸ்லாமியப் பிரிவு நடத்துகின்றன. ஆனால் பெயரைப் பார்த்துத் திருப்தி அடையாமல் நடைமுறையைக் கேளுங்கள். முராபஹா என்றால் நிறுவனம் காரைத் தான் வாங்கி, இலாபம் சேர்த்து நிலையான விலைக்கு உங்களுக்குத் தவணையில் விற்கிறது. இஜாரா என்றால் கார் நிறுவனத்துடையது. நீங்கள் வாடகை செலுத்தி, கடைசியில் உரிமை பெறுகிறீர்கள்.

இங்கே நம்மவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. விற்பவரோடு விலை பேசி முழுப் பணத்தையும் கொடுத்து, காரைத் தம் பெயருக்கே மாற்றிவிட்டு, பிறகு முராபஹா கேட்டு வருகிறார்கள். கார் ஏற்கனவே உங்களுடையது என்றால் நிறுவனம் உங்களுக்கு விற்க எதுவும் இல்லை. அது வெறும் பணக் கடனாகிவிடும். ஆகவே காரைப் பார்த்துப் பிடித்ததும், ஒப்பந்தத்தை முடிக்காமல் முதலில் நிறுவனத்திடம் போங்கள். தாமதக் கட்டணம் எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள். அது தர்மத்துக்குப் போக வேண்டும். நிறுவனத்தின் வருமானத்தில் சேரக் கூடாது. முன்கூட்டியே தீர்த்தால் கழிவு உண்டா என்பதையும் அறிந்து வையுங்கள்.

விற்கும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. தட்டுப்பாட்டில் விலை ஏறுவது தானாகவே ஹராம் ஆகாது. மதீனாவில் விலை ஏறியபோது நபி (ஸல்) அவர்கள் விலை நிர்ணயிக்க மறுத்தார்கள். தெரிந்த குறையை மறைப்பதும், வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவரைக் கொண்டு விலையை ஏற்றுவதும் அப்படியல்ல. இரண்டையும் அவர்கள் தடுத்தார்கள். "இன்னொருத்தர் இரண்டு இலட்சம் கூடத் தாறார்" என்று தரகர் சொல்லும் அந்த இன்னொருத்தர் பெரும்பாலும் பிறக்கவே இல்லை.

காப்புறுதி

கார் கைக்கு வந்ததும் தகாஃபுல் அல்லது காப்புறுதியில் எழுதப்பட்ட பெறுமதியைப் பாருங்கள். 2020இல் 35 இலட்சம் என்று எழுதிய காரை வருடாவருடம் அதே தொகைக்குப் புதுப்பித்து வருபவர்கள் நிறைய. இன்று சந்தை விலை 70 இலட்சம். கார் முழுதாக அழிந்தால் எழுதிய தொகைக்கு மேல் கிடைக்காது. சிறிய விபத்திலும் குறைவாக எழுதிய விகிதத்துக்கு நட்டஈட்டைக் குறைக்க முடியும். வெள்ளச் சேதம் உள்ளடங்குகிறதா என்பதையும் அதே நாளில் கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.