அரைமண்டி நடந்த தூரம்

மார்கழியில் மம்சாபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குப் போகிறவர்கள் அரையர் சேவையைப் பார்த்திருப்பார்கள். தலையில் உயரமான குல்லாய், கையில் தாளம். அரையர் பாசுரத்தைப் பாடுவார், அதையே கையால் அபிநயம் பிடிப்பார், பிறகு பொருள் சொல்லுவார். பத்தாம் நூற்றாண்டில் நாதமுனிகள் தொடங்கி வைத்தது என்று வைணவ மரபு சொல்லும் இந்தக் கலை ஸ்ரீரங்கத்திலும் ஆழ்வார்திருநகரியிலும் இங்கேயும் இன்றுவரை தொடர்கிறது. எந்தச் சொல்லுக்கு எந்தக் கை என்பதைத் தகப்பன் பிள்ளைக்குக் காட்டிக் கொடுத்தே இத்தனை காலம் வந்திருக்கிறது.

பக்கத்து ராஜபாளையத்தில் பரதம் கற்கும் சிறுமியும் இப்படி ஒரு பழைய பாடத்தைத்தான் ஒப்பிக்கிறாள்: பதாகம், திரிபதாகம், கர்த்தரீமுகம். இந்தக் கை முத்திரைப் பெயர்களின் வயதை அறிய சிலப்பதிகாரத்துக்குப் போக வேண்டும். ஐந்து வயதில் ஆடத் தொடங்கிய மாதவி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் முன்னால் அரங்கேறுகிறாள். அவளுடைய ஆசான் ஒற்றைக் கை, இரட்டைக் கை வகைகளை அறிந்தவன் என்கிறார் இளங்கோ. அந்தப் பகுதிக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் ஒற்றைக் கையில் 33, இரட்டைக் கையில் 15 என்று பட்டியலே தருகிறார். பட்டியல் தொடங்குவது எப்படி? பதாகை, திரிபதாகை, கத்தரிகை.

சிலப்பதிகாரத்துக்குப் பிறகு நூற்றாண்டுகள் போயின. இராசராசன் சோழநாட்டுக் கோயில்களிலிருந்து நானூறு ஆடல் மகளிரைத் தஞ்சைக்கு வரவழைத்து, பெரிய கோயிலைச் சுற்றி வீடு கொடுத்தான். யாருக்கு எந்த வீடு என்பதுகூடக் கல்வெட்டில் இருக்கிறது. அதே கோயிலின் மேல்தளத்தில் கரணங்கள் எனப்படும் 108 ஆடல் நிலைகளைச் செதுக்கத் தொடங்கிய சிற்பிகள் 81-ஓடு நிறுத்திவிட்டார்கள். மீதி 27-க்கான கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன.

கால்களுக்கான இலக்கணம் இன்றைய வடிவம் பெற்றதும் அதே தஞ்சையில்தான், எண்ணூறு ஆண்டு கழித்து. மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் அரண்மனையில் மராட்டி பேச்சுமொழி, தெலுங்கு பாட்டுமொழி, ஆடியவர்களும் ஆட்டுவித்தவர்களும் தமிழர்கள். அங்கே வளர்ந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள் அடவுகள் எனப்படும் அடிப்படை ஆட்ட அசைவுகளை வரிசைப்படுத்தினார்கள். தட்டடவு, நாட்டடவு, தட்டிமெட்டு, மண்டியடவு என இன்று வகுப்பில் கேட்கும் வரிசை அவர்கள் வழி வந்தது. கச்சேரி அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிய வேண்டும் என்ற முறையும் அப்படியே. அந்தத் தில்லானா, வடநாட்டுத் தரானா தெற்கே வந்து காலில் சலங்கை கட்டிக்கொண்ட வடிவம்.

தஞ்சைக்கு முன்பே பிரான்சில் இதே வேலையை ஓர் அரசர் செய்ய வைத்தார். தானே மேடையேறி ஆடிய பதினான்காம் லூயி, 1661-இல் நடனத்துக்கென்று ஒரு கழகம் நிறுவினார். அவருடைய நடன ஆசிரியர் பியேர் போஷாம் பாதங்களுக்கு ஐந்து நிலைகளை வகுத்தார். அதனால்தான் இன்றும் மாஸ்கோவிலோ டோக்கியோவிலோ பாலே வகுப்பில் ஆசிரியர் பிரெஞ்சில் ஆணையிடுகிறார். முதல் ஆணை பெரும்பாலும் ‘பிளியே’. குதிகால்கள் சேர்ந்திருக்க, பாதங்கள் பக்கவாட்டில் திரும்ப, முதுகு நிமிர்ந்தபடி முழங்கால்களை வெளிப்புறமாக மடக்க வேண்டும். நம் ஊர்ச் சிறுமி இதைப் பார்த்தால் அரைமண்டி என்றுதான் சொல்வாள். பாலேக்காரி அங்கிருந்து எழும்பி விரல்நுனியில் நிற்கப் போவாள். இவளோ அந்த உயரத்திலேயே இருந்து, தட்டுக்கழி விழும் கணக்குக்கு ‘தெய்யா தெய்’ என்று தரையைத் தட்டுவாள்.

இந்த இரண்டு கால்களும் 1838-இல் ஒரே ஊரில் சந்தித்தன. சோழமண்டலக் கரைக்கு வியாபாரம் செய்ய வந்த போர்த்துக்கீசியர் கோயில் ஆடல் மகளிரைத் தங்கள் மொழியில் ‘ஆடுகிறவள்’ என்று பொருள்படும் சொல்லால் அழைத்தார்கள். அதைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘பயதேர்’ ஆக்கி, 1830-லேயே பாரிஸ் மேடையில் ஒரு கற்பனைப் பயதேரை ஆடவிட்டார்கள். எட்டு ஆண்டு கழித்து அசல் போய்ச் சேர்ந்தது. ஒரு பிரெஞ்சு வியாபாரி புதுச்சேரியில் ஒப்பந்தம் எழுதி, கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து ஐந்து ஆடல் மகளிரையும் மூன்று இசைக்காரர்களையும் கப்பலேற்றினார். அரையர்கள் பாடும் அதே திவ்யப் பிரபந்தத்தில் திருமங்கையாழ்வார் பாடிய தலம் அது. அந்த மகளிர் பாரிஸில் ஆடி, பிறகு லண்டனிலும் ஆடினார்கள்.

அவர்களில் அம்மணி என்ற இளம்பெண்ணைக் கண்டு கவிஞர் தியோஃபில் கோத்தியே மெய்மறந்து எழுதினார். பார் என்ற சிற்பி அவளை வெண்கலத்தில் வார்த்தார். இருபது ஆண்டு கழித்து, 1858-இல், கோத்தியே சகுந்தலையைப் பாலே நாடகமாக எழுத, நடனம் அமைத்தவர் லூசியன் பெதிபா. அவருடைய தம்பி மாரியுஸ் பெதிபா ரஷ்யாவில் 1877-இல் மேடையேற்றியதுதான் ‘லா பயதேர்’. உலகெங்கும் இன்றும் ஆடப்படும் அந்தப் பாலேயின் நாயகி ஒரு கோயில் நடனப் பெண். ஆனால் அவள் ஆடுவதில் அடவு ஒன்றுகூடக் கிடையாது. பெயரையும் ஆடையையும் எடுத்துக்கொண்டவர்கள் காலை விட்டுவிட்டார்கள்.

அந்தப் பாத்திரத்தை ரஷ்யாவில் ஆடிப் பெயர் பெற்றவர்களில் ஒருவர் அன்னா பாவ்லோவா. 1928-29-இல் அவர் இந்தியா வந்தபோது, பின்னாளில் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியைத் தொடங்கிய ருக்மிணி தேவி அவருடைய ரசிகையானார். ஒரே கப்பலில் ஆஸ்திரேலியா போகும் வாய்ப்பும் அமைந்தது. பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் ருக்மிணி பாலே கற்றார். உன் நாட்டுக் கலையைத் தேடு என்று பாவ்லோவா சொன்ன பிறகே ருக்மிணியின் பார்வை ஆடல் மகளிரின் சதிராட்டத்தின் பக்கம் திரும்பியது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், தஞ்சை நால்வர் வழிவந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று 1935 டிசம்பரில் அடையாற்றில் ஆடினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா பிறந்தது. அதற்குள் சதிர் என்ற பழைய பெயர் போய், பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்துவிட்டிருந்தது.

பிறகு பயணம் விரைவானது. யாழ்ப்பாணம், சிங்கப்பூர், லண்டன், டொரண்டோ என்று தமிழர் போன ஊரெல்லாம் அரங்கேற்றமும் போனது. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளும் வகுப்பில் அரைமண்டி, நாட்டடவு, தீர்மானம் என்கிறார்கள். பாலே தன்னுடன் பிரெஞ்சைக் கொண்டுபோனது போல, பரதம் தன்னுடன் தமிழைக் கொண்டுபோயிருக்கிறது.

ஆனால் இந்தச் சொற்களைக் காலிலும் வாயிலும் வைத்துக் காப்பாற்றியவர்கள் தேவதாசிக் குடும்பத்துப் பெண்களும் நட்டுவனார்களும். 1947-இன் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடுத்தது, அது வேண்டிய சீர்திருத்தம். அதோடு சேர்ந்து அந்தக் குடும்பத்துப் பெண்கள் ஆடிய மேடையும் பறிபோனது. பாலே மாணவிக்குப் போஷாமின் பெயரும் பெதிபாவின் பெயரும் பாடத்தோடு வருகின்றன. நம் பிள்ளைகளுக்கும் தட்டடவு சொல்லித் தரும் நாளிலேயே சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு, கௌரி அம்மாள், திருவந்திபுரத்து அம்மணி ஆகியோரின் பெயர்களைச் சொல்லித் தர வேண்டும். அடவைக் கற்றுக்கொண்டவர்கள் அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய குருதட்சணை அது.