ஏடு காத்த வரலாறு: டாக்டர் ஜேக்கப் சாண்டியின் மருத்துவ வாழ்வும் நாம் பெறும் பாடமும்

கல்வெட்டும் செப்பேடும் மன்னர்களின் வரலாற்றைக் காத்தன. ஓலைச்சுவடிகள் புலவர்களின் பாடல்களைக் காத்தன. ஏரி வெட்டியும், கரை கட்டியும், கழனியில் உழைத்தும் ஓய்ந்த மக்களின் வரலாற்றைக் காத்தது எது? நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில் இவ்வினா நம் நெஞ்சை உறுத்துகின்றது. இதற்கு விடை தேடும் முகத்தான், மூளை நரம்பு அறுவை மருத்துவர் ஒருவரின் வரலாற்றை நம் இளைஞர் முன் வைக்க விழைகின்றோம். அவர் நம் இனத்தவர் அல்லர்; நம் மாவட்டத்தவரும் அல்லர். எனினும் அவர்தம் வாழ்வில் நமக்குரிய பாடம் ஒன்று உண்டு.

நம் பகுதி இரு மாநிலங்களின் எல்லையில் அமைந்தது. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிய பின்னர், நம் பிள்ளைகள் கழனியை விட்டு ஆலைகளுக்குச் செல்லலாயினர். நெடுஞ்சாலையில் இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன. இரவுப் பணி முடித்து இருசக்கர வண்டியில் திரும்பும் இளைஞன் சாலையில் வீழ்ந்து, தலையில் அடிபட்டான் என்னும் செய்தி நம் தெருக்களுக்குப் புதிதன்று. அவ்வேளையில் ஓசூர், சூளகிரிப் பக்கத்தார் பெங்களூரில் ஓசூர் சாலையிலேயே அமைந்துள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையை நினைக்கின்றனர். பர்கூர்ப் பக்கத்தார் வேலூரை நினைக்கின்றனர். ஆனால் 1949-க்கு முன்னர் இந்தியாவில் எங்கும் மூளை அறுவைக்கென ஒரு தனித்துறை இருந்ததில்லை. தலைக்குள் கட்டி என்றாலும், குருதிக் கசிவு என்றாலும் விதி என்று கூறி வீட்டுக்குத் திரும்புவதே பெரும்பாலோர்க்கு வழியாக இருந்தது. காக்கை வலிப்பு என்றால் கையில் இரும்பைத் திணிப்பர்; அல்லது பேய் என்று கூறி மந்திரவாதியிடம் அழைத்துச் செல்வர்.

இந்நிலையை மாற்றியவருள் முதல்வர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. இவர் 1910-ஆம் ஆண்டு கேரளத்துக் கோட்டயத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936-ல் பட்டம் பெற்றார். பின்னர் பஹ்ரைன் தீவில் அமெரிக்க மிஷன் மருத்துவமனையில், பால் ஹாரிசன் என்னும் புகழ்மிக்க அறுவை மருத்துவருடன் பணியாற்றினார். அதன்பின் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும், கனடாவின் மான்ட்ரியால் நகரத்து நரம்பியல் நிறுவனத்திலும் பயிற்சி பெற்றார். மான்ட்ரியாலில் இவருக்கு ஆசானாக அமைந்தவர் வைல்டர் பென்பீல்டு.

இங்கே ஆசான் மாணாக்கர் மரபு ஒன்றை நாம் காண வேண்டும். பென்பீல்டு இளம் மருத்துவராக இருந்தபோது, ஹார்வி குஷிங் என்பாரிடம் பயின்றவர். 1869 முதல் 1939 வரை வாழ்ந்த குஷிங்கை நவீன மூளை அறுவை மருத்துவத்தின் தந்தை என்பர். அவர் மாணவராக இருந்த நாளில் ஒரு துயரம் நிகழ்ந்தது. அவர் ஈதர் என்னும் மயக்க மருந்தைச் செலுத்திக்கொண்டிருந்தபோதே நோயாளி ஒருவர் உயிர் நீத்தார். மருத்துவத்தையே விட்டுவிடலாமா என்று அவர் கலங்கினார். ஆனால் விடவில்லை. தம் நண்பர் காட்மன் என்பாருடன் சேர்ந்து, 1894-95-ஆம் ஆண்டளவில் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். அறுவை நடக்கும்போதே நோயாளியின் நாடித்துடிப்பையும் மூச்சையும் சில நிமிடங்களுக்கொரு முறை தாளில் குறித்துவைப்பதே அவ்வழக்கம். இன்று உலகின் எந்த அறுவை அரங்கிலும் காணப்படும் மயக்க மருந்துக் குறிப்பேட்டின் தொடக்கம் அதுவே. பிழையை மறைக்காமல் ஏட்டில் ஏற்றியமையால், அந்தப் பிழை பிற உயிர்களைக் காக்கும் அறிவாயிற்று.

குஷிங் தம் ஒவ்வோர் அறுவையையும் குறித்து வைத்தார். படம் வரைந்து வைத்தார். தம் தவறுகளையும் ஒளிக்காமல் எழுதினார். ஈராயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் குறிப்புகளும், ஒளிப்படங்களும், மூளைப் பகுதிகளும் அவர் திரட்டியவை. இவை ஏல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றன. ஆனால் அவர் மறைவுக்குப் பின்னர் ஒரு காலத்தில் மாணவர் விடுதியின் நிலவறையில் தூசு படிந்து கிடந்தன. பிற்காலத்தார் அவற்றைத் துடைத்தெடுத்து ஒழுங்கு செய்தனர். 2010-ல் அவற்றுக்கென ஒரு காட்சியகமே திறக்கப்பட்டது. செல்வம் மிக்க பல்கலைக்கழகத்திலும் ஏடுகள் நிலவறைக்குப் போகும். காப்பார் இருந்தால் மட்டுமே மீளும் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

பென்பீல்டும் இவ்வழியில் நின்றவரே. மூளைக்கு வலியை உணரும் தன்மை இல்லை. ஆகவே தலையின் தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே அவர் வலிப்பு நோய்க்கு அறுவை செய்தார். மெல்லிய மின்முனையால் மூளையின் ஓரிடத்தைத் தொடுவார். நோயாளியின் விரல் அசையும். அல்லது நாக்கு மரத்துவிட்டதென அவர் கூறுவார். உடனே அவ்விடத்தில் எண்ணிட்ட சிறு தாள்துண்டு ஒன்று வைக்கப்படும். நோயாளி கூறியது அந்த எண்ணுக்கு எதிரே எழுதப்படும். இத்தகைய தாள்துண்டுகள் பலவற்றின் பயனாக, உடலின் எந்த உறுப்பை மூளையின் எப்பகுதி ஆளுகின்றது என்னும் வரைபடத்தை 1937-ல் போல்ட்ரி என்பாருடன் அவர் வெளியிட்டார். உயிருள்ள மூளையின் மேல் வைத்த தாள்துண்டு உலகுக்கே அறிவு நூலாயிற்று.

இத்தகைய மரபில் பயின்றவரே சாண்டி. அதே மான்ட்ரியால் நிறுவனத்தில் அதே 1940களில் பயின்ற மற்றொருவரையும் நம் இளைஞர் அறிய வேண்டும். அவர் கிளாரன்ஸ் கிரீன் என்னும் அமெரிக்கக் கருப்பின மருத்துவர். தம் நாட்டில் கருப்பருக்கு இத்துறையின் கதவுகள் பெரும்பாலும் அடைபட்டிருந்த காலத்தில் அவர் கனடா சென்று பயின்றார். நாடு திரும்பி, 1953-ல் அமெரிக்க நரம்பியல் அறுவை வாரியத்தின் சான்று பெற்ற முதல் கருப்பராக விளங்கினார். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் தம் இன மாணவர்க்கு அக்கலையைக் கற்பித்தார். 1957-ல் மறைந்தார். அடைத்த கதவின் முன் நின்று அழாமல், திறந்த கதவைத் தேடிச் சென்றவர் அவர்.

1949-ஆம் ஆண்டு சாண்டி தாயகம் திரும்பி, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒற்றைக் கட்டிலுடன் தொடங்கிய மருத்துவமனை அது. அங்கேதான் இந்தியாவின் முதல் நரம்பியல், நரம்பு அறுவைத் துறை பிறந்தது. மறு ஆண்டு டாக்டர் பி. இராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இப்பணியைத் தொடங்கினார். சாண்டி, இராமமூர்த்தி, எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகிய நால்வரும் சேர்ந்து 1951-ல் இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர். நால்வர் கூடினால் ஒரு துறையே தோன்றும் என்பதற்கு இது சான்று.

1952 ஆகஸ்டு 25. குழந்தைப் பருவத்திலேயே உடலின் வலப்பக்கம் செயலிழந்து, வலிப்பால் வருந்திய பத்தொன்பது வயது இளைஞன் ஒருவனுக்குச் சாண்டி வேலூரில் மூளை அறுவை செய்தார். வலிப்பு நோய்க்கென இந்தியாவில் நடந்த முதல் அறுவை அதுவே. பேயென்று விரட்டப்பட்ட நோய்க்கு மருத்துவம் வகை கண்ட நாள் அது. அந்நாளை நாம் இன்று சுட்டிச் சொல்ல முடிவது எதனால்? எழுதிவைத்த மருத்துவக் குறிப்பு இருந்தமையால் அன்றோ!

சாண்டி தாமே அறுவை செய்து புகழ் பெறுவதோடு நிற்கவில்லை. 1950களின் பிற்பகுதியில் வேலூரிலேயே பயிற்சி வகுப்பைத் தொடங்கி, இளம் மருத்துவர்களை உருவாக்கினார். வெளிநாடு சென்றால்தான் இக்கலை கைவரும் என்ற நிலை மாறிற்று. 1964-ல் அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. கல்லூரி முதல்வராகவும் பணியாற்றி, 1970-ல் ஓய்வு பெற்றார். 1988-ல் தம் வாழ்வின் நினைவுகளையும் சிந்தனைகளையும் ஆங்கில நூலாக எழுதி வெளியிட்டார். 2007-ல் மறைந்தார். இராமமூர்த்தியும் தம் இறுதிக் காலத்தில் தன்வரலாறு எழுதிய பின்னரே 2003-ல் மறைந்தார். இராமமூர்த்தியின் குழுவில் வளர்ந்த டாக்டர் டி.எஸ். கனகா, ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர் எனப் போற்றப்படுபவர். பெண்ணுக்கு இத்துறை ஆகாது என்றிருந்த காலத்தில், தடை பல கடந்து 1968-ல் உயர் பட்டம் பெற்றார். பட்ட தடைகளையும் அவர் வெளிப்படையாகக் கூறிச் சென்றார். கூறியமையால்தான் அவை இன்று வரலாறாக நிற்கின்றன.

இனி நம் நிலையை எண்ணிப் பார்ப்போம். வேலூர் அறுவையில் மருத்துவரின் பெயர் நிலைத்தது. நோயாளி பெயரற்றவராக நின்றார். மருத்துவ அறத்தின்படி அது முறையே. ஆனால் நம் மக்கள் மருத்துவமனையில் மட்டுமா பெயரற்று நின்றனர்? நிலப் பதிவேட்டில் எண்ணாகவும், கணக்கெடுப்பில் தொகையாகவும், பிறர் எழுதிய ஏட்டில் பிறர் சொல்லாகவும் அன்றோ நின்றனர்!

நம்மிடம் படித்த மாணவன் ஒருவன் ஒப்பந்தத் தொழிலாளியாக ஓர் ஆலையில் பணியாற்றினான். சில ஆண்டுகளுக்கு முன்னர், இரவில் வீடு திரும்புகையில் லாரி மோதித் தலையில் பலத்த காயமுற்றான். பெங்களூரில் அறுவை செய்து உயிரைக் காத்தனர். வலக்கை மட்டும் முன்போல் இயங்கவில்லை. இழப்பீட்டு வழக்குத் தொடுத்தபோது வழக்குரைஞர் மருத்துவத் தாள்களைக் கேட்டார். மருத்துவமனையிலிருந்து வெளிவரும்போது கொடுத்த சுருக்கக் குறிப்பு மழையில் ஒழுகிய கூரையின் கீழ் நனைந்து கூழாகியிருந்தது. ஸ்கேன் படத்தைச் சிறுவர்கள் கிரகணம் பார்க்க எடுத்துச் சென்றிருந்தனர். சம்பளச் சீட்டு என ஒன்றை ஒப்பந்தக்காரர் ஒருநாளும் கொடுத்ததில்லை, இவனும் கேட்டதில்லை.

அவனுடைய தாய் எழுத்தறியாதவர். அவர் அரிசிப் பானையின் அடியிலிருந்து ஒரு சிறு அட்டையை எடுத்து நம்மிடம் நீட்டினார். "ஆஸ்பத்திரியில குடுத்த சீட்டுங்க சார். நம்பர் போட்டிருக்குதேன்னு எடுத்து வெச்சேன்" என்றார். அந்த எண்ணைக் கொண்டு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் எல்லாத் தாள்களுக்கும் நகல் பெற்றோம். வழக்கு வென்றது. ஆனால் வருமானத்துக்குச் சான்று இல்லாமையால், அவன் ஈட்டியதைவிடக் குறைந்த கூலியையே கணக்கிற் கொண்டனர். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பத்தாண்டுகள் அவனுக்குக் கடிதம் எழுதக் கற்பித்த நாம், கடிதத்தைக் காக்கக் கற்பிக்கவில்லையே! எழுத்தறியாத தாய் அறிந்ததை நாம் சொல்லித் தரவில்லையே!

ஏடு இழந்தால் உரிமை இழப்போம். 1892-ல் நம் மக்களுக்கென வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் எத்தனையோ கைமாறிப் போயின. ஆலைகள் வந்து நிலத்தின் விலை ஏறிய நம் பகுதியில் பழைய பட்டாவின் அருமையைச் சொல்ல வேண்டுவதில்லை. ஏடு காத்தால் எழுச்சி பெறுவோம். பண்டிதர் அயோத்திதாசர் 1907-ல் தொடங்கி 1914-ல் மறையும்வரை நடத்திய 'தமிழன்' இதழ் பின்னாளில் நமக்கு அண்மையிலுள்ள கோலார் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. பழைய இதழ்களை வீடுகளில் காத்தோர் இருந்தமையாலேயே, அவர்தம் எழுத்துகள் 1999-ல் தொகுதிகளாக வெளிவந்தன. அண்ணல் அம்பேத்கர் 1956-ல் மறைந்தபோது அச்சேறாத கையெழுத்துப் படிகள் பல பெட்டிகளில் கிடந்தன. மகாராட்டிர அரசு 1979 முதல் அவற்றைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. அப்பெட்டிகள் அழிந்திருந்தால் அவர் சிந்தனையில் எத்துணைப் பகுதியை நாம் இழந்திருப்போம்!

ஆகவே இவ்வெள்ளி விழா ஆண்டில் நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கட்டும். சாதிச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று, மதிப்பெண் பட்டியல், பட்டா, சம்பளச் சீட்டு, தொழிலாளர் காப்பீட்டு அட்டை, மருத்துவக் குறிப்பு ஆகியவை அதில் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் வேறிடத்தில் இருக்கட்டும். சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டு நடவடிக்கைக் குறிப்பேடுகளைக் கரையானுக்கு இரையாக்காமல் கட்டடம் செய்து வைப்போம். முதன்முதலில் பள்ளிக்குச் சென்றவர், முதன்முதலில் ஆலைக்குச் சென்றவர், முதன்முதலில் தெருக்குழாயில் நீர் பிடித்தவர் ஆகிய முதியோரை அணுகி, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே எழுதி வைப்போம். வென்றதை மட்டுமன்று, தோற்றதையும் எழுதுவோம். குஷிங் தம் பிழையை எழுதியதால் அறிவு வளர்ந்தது. நம் பிழைகளை நாம் எழுதினால் நம் பிள்ளைகள் வளர்வர்.

இளைஞர்களே! உங்களுள் ஒருவர் நாளை மூளை அறுவை மருத்துவராக வரலாம்; வர வேண்டும். அந்நாளில் உங்கள் வரலாற்றை எழுத வருவோர்க்கு, உங்கள் தாயின் அரிசிப் பானையின் அடியிலிருந்து தொடங்கி ஏடுகள் கிடைக்கட்டும். பிறர் ஏட்டில் எண்ணாக நின்ற நாம், நம் ஏட்டில் பெயராக நிற்போம்.

வளர்க நம் சங்கம்! வாழ்க கல்விப் பணி!