கெடா: அத்துமீறும் டிரோன்களும் ஸ்தலப் பாதுகாப்பு மானியமும்

அனுமதியின்றித் தடைசெய்யப்பட்ட ஆகாயத்தில் புகும் டிரோன்களைக் கண்டறிந்து தடுப்பதற்காக ஸ்தல நிர்வாகங்களுக்கு மத்திய அரசாங்கம் பொருளுதவி செய்யும் முறை அண்மையில் தோன்றியது. அமெரிக்கா 2025-ல் இதற்கென 50 கோடி டாலர் ஒதுக்கி, 2026 உலகக் கிண்ணக் கால்பந்துப் போட்டி நடைபெறும் மாநிலங்களுக்கு முதற்பங்கை அளித்தது.

மலேசியாவின் நிலை வேறு. அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை தேசப் பாதுகாப்பையும் ஆகாயப் போக்குவரத்தையும் கூட்டரசிடம் வைத்து, உள்ளூராட்சியை மாநிலத்திடம் விட்டிருப்பதால், சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ உள்ள நகராண்மைக் கழகம் ஒரு டிரோனைத் தன் விருப்பப்படி வீழ்த்த இயலாது. டிரோனின் வானொலி அலையை முடக்கும் அலைத்தடுப்புக் கருவியைத் தோட்ட நிர்வாகம் வாங்கி வைத்துக்கொள்ளவும் சட்டம் இடந்தராது. 2016-ஆம் ஆண்டின் சிவில் விமானப் போக்குவரத்து விதிகள், விமான நிலையச் சுற்றுவட்டத்திலும் 400 அடிக்கு மேலும் அனுமதியின்றிப் பறப்பதைத் தடுக்கின்றன.

கெடாவில் இவ்விஷயம் சிக்கலானது. அலோர்ஸ்டாரிலும் லங்காவியிலும் விமான நிலையங்கள், வடக்கே தாய்லாந்து எல்லை, நடுவே மூடா நெல்வயல்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் முறைப்படி அனுமதி பெற்று மருந்து தெளிக்கும் டிரோன்கள். ஒரே வானத்தில் பறக்கும் இவற்றுள் நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிவதே பெரும்பாடு. கண்டறிவதும் எளிதன்று; ராடாரோ நேர்க்கோட்டில் காண்பது. 1,217 மீட்டர் உயர்ந்த ஜெராய் மலையும் அடர்ந்த செம்பனையும் தாழப்பறக்கும் சிறு பொருளை அதன் பார்வையிலிருந்து மறைத்துவிடும். வானொலி அலையை ஒற்றறியும் கருவியோ, முன்னரே வழி பதிக்கப்பட்டு மௌனமாகப் பறக்கும் டிரோனிடம் தோற்றுப்போகும். ஆகவே தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கும் காவலாளியின் கண்ணே இன்னும் முதல் கருவியாக இருக்கிறது. அவர் உடனே சொல்வதற்கு ஒரு போலீஸ் நிலையமும், தெளிப்பு நேரங்களை முன்கூட்டி அறிவிக்கும் ஒரு பதிவேடும் அவருக்கு வேண்டும்.

தோட்டக் காவலுக்குப் பொதுப்பணம் செலவிடுவது இம்மண்ணுக்குப் புதிதன்று. 1948 ஜூனில் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை எதிர்த்து அவசரகாலம் பிரகடனமானபின், பால்மரத் தோட்டங்களைக் காக்க ஆயிரக்கணக்கில் திரட்டப்பட்ட விசேஷக் கான்ஸ்டபிள்கள் அரசாங்கப் போலீஸ் படையைச் சேர்ந்தவர்களேயன்றி, தோட்டத்துரையின் ஆட்கள் அல்லர். அவசரகாலம் முடிந்தது 1960 ஜூலை 31-இல். அக்காலத்தில் வேலிக்கு அப்பாலிருந்து வந்த அபாயத்தைத் தடுக்கும் பொறுப்பை அரசு ஏற்றது போலவே, வேலிக்கு மேலே வரும் அபாயத்தைத் தடுக்கும் செலவையும் கூட்டரசே ஏற்பதுதான் நியாயம்.