இது எந்த ஊர் வானம்?

கேலக்சியன் என்ற வீடியோ கேமில் நம் கையில் ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு குண்டுதான். சுட்டது எதிரிப் பூச்சியின் மேல் பட வேண்டும். இல்லையென்றால் திரையின் உச்சியைத் தாண்டி மறைய வேண்டும். அதுவரை பொத்தானை எத்தனை தடவை அமுக்கினாலும் அடுத்தது கிளம்பாது. குறி தப்பினால், போன குண்டு போய்ச் சேரும்வரை வெறுங்கையோடு ஒதுங்கி நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் அணியிலிருந்து ஒன்று கழன்று, வளைந்து, நம் தலைக்கு நேராக இறங்கும்.

ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1979-இல் காசு போட்டு ஆடும் எந்திரமாக இதை வெளியிட்டது. மொத்தம் 46 பூச்சிகள். கீழே பத்துப் பத்தாக மூன்று வரிசை நீலம், அதன் மேல் எட்டு ஊதா, ஆறு சிவப்பு, உச்சியில் இரண்டு தலைவர்கள். தலைவன் தனியாகப் பாய்ந்து வரும்போது சுட்டால் 150 புள்ளி. இரண்டு சிவப்புக் காவலர்களோடு வந்தால், முதலில் காவலர் இருவரையும் வீழ்த்திவிட்டு அவனைச் சுட வேண்டும். அப்போது 800. ஒரே பாய்ச்சலுக்குள் மூன்று குண்டு, மூன்றும் தப்பக்கூடாது. இத்தனை வருடம் கழித்து அந்த மூல வடிவத்தைக் கணினியில் ஆட உட்கார்ந்தபோது, என் நினைவில் இருந்ததைவிட ஆட்டம் நிதானமாகவும் கறாராகவும் இருந்தது. இப்போதைய விண்வெளி ஆட்டங்களில் பொத்தானை அழுத்திப் பிடித்தால் குண்டு மழையாகக் கொட்டும். இங்கே சுடுவதற்கு முன் யோசிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இதுவே பிடிக்கிறது.

நான் இதைக் கற்றது கொடைக்கானலில், மூஞ்சிக்கல்லில், என் தாய்மாமாவின் வீடியோ கேம் கடையில். தொண்ணூறுகளின் முதல் பாதி. முன்பக்கம் யூகலிப்டஸ் தைலமும் வீட்டுச் சாக்லேட்டும் விற்பனை. பின்னால் ஒரே ஓர் அறை. அதில் இரண்டு டிவி, இரண்டு கேம் பெட்டி, நான்கு ஸ்டூல், ஒரு ஸ்டெபிலைசர். அரை மணிக்கு 5 ரூபாய். பெண் பிள்ளைகள் அந்த அறைக்குள் வருவதில்லை. மருமகள் முறை என்பதால்கூட இல்லை, கல்லாவில் உட்கார ஆள் வேண்டும் என்பதால் எனக்கு மட்டும் இடம் இருந்தது. "ஏ பாப்பா, அந்த மஞ்ச கேசட்ட எடுத்து ஊது" என்பார். கேசட்டின் வாயில் ஊதிச் செருகினால் படம் வரும். வராவிட்டால் இன்னும் கொஞ்சம் ஊத வேண்டும்.

அந்தப் பெட்டி மலையேறி வந்த பாதைக்கே ஒரு வரலாறு உண்டு. நிண்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற வீட்டு விளையாட்டுப் பெட்டியை விற்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் கிழக்காசியத் தொழிற்கூடங்கள் அதைப் பார்த்து நகல் செய்தன. நம் கடைத்தெருக்களுக்கு வந்தவை பெரும்பாலும் அந்த நகல்கள்தாம். சென்னையில் அவை குவிந்த இடம் பர்மா பஜார். அறுபதுகளில் பர்மாவின் ராணுவ அரசு கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கியபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில் இருந்ததையும் விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். அப்படித் திரும்பியவர்களின் பிழைப்புக்காகக் கடற்கரை ரயில் நிலையத்தின் ஓரம் எழுந்தது அந்தக் கடைவரிசை. வெளிநாட்டுப் பொருள் எதுவானாலும் அங்கே கிடைக்கும் என்ற பெயரை அவர்கள்தாம் உண்டாக்கினார்கள். அங்கிருந்து மதுரை டவுன்ஹால் ரோட்டுக்கு, அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாகப் பேருந்தின் மேல் கூடையில் ஏறி மாமா கடைக்கு. ஒரு ஜப்பானிய ஆட்டம் பழனி மலைக்கு வந்து சேர, வீடிழந்து வந்த ரங்கூன் தமிழர்களின் உழைப்பு இடையில் தேவைப்பட்டிருக்கிறது. விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் டோக்கியோவையும் கலிபோர்னியாவையும் எழுதுகிறார்கள்; கடற்கரை ரயில் நிலையத்தையும் எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.

கேலக்சியன் எல்லாப் பெட்டிகளோடும் வந்ததற்குக் காரணம் அதன் எடையின்மை. 1984-இல் ஃபேமிகாமுக்காக எழுதப்பட்ட வடிவம் 16 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தில் நூறில் ஒரு பங்குகூட அது இருக்காது. பல ஆட்டங்களை ஒரே கேசட்டில் அடைத்து விற்றவர்களுக்கு இத்தனை சிறிய ஆட்டம் எப்போதும் தோதாக இருந்தது. '64 இன் 1' என்று எழுதிய கேசட்டானாலும் '9999 இன் 1' என்று எழுதியதானாலும், பட்டியலில் அது எங்காவது இருக்கும்.

பெட்டியை டிவியின் ஆண்டெனா துளையில்தான் செருக வேண்டும். எங்கள் மலையில் அதனால் ஒரு தொல்லை. எண்பதுகளின் பிற்பாதியில் கொடைக்கானலில் தூர்தர்ஷனின் உயர்சக்தி ஒளிபரப்புக் கோபுரம் வந்தது. மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி என்று தென்மாவட்ட மக்களெல்லாம் மொட்டை மாடியில் நின்று ஆண்டெனாவை எங்கள் மலைப் பக்கம் திருப்பிய காலம் அது. அவர்கள் தேடிப் பிடித்த அலை எங்கள் கடைக்குள் கூப்பிடாமலேயே வந்துவிடும். மாலையில் பூச்சிகளுக்குப் பின்னால் செய்தி வாசிக்கிறவரின் முகம் நிழலாகத் தெரியும். மாமா ஒயரை முறுக்கி, தாளில் சுற்றி, என்னென்னவோ செய்து பார்ப்பார்.

வியாபாரம் வானத்தைப் பார்த்து நடந்தது. மே மாதம் கோடை விழாவுக்கு ஊரே நிறைந்து வழியும்போது கடையின் பின்னறை காலியாக இருக்கும். படகு, குதிரை, சைக்கிள், கோக்கர்ஸ் வாக் என்று இருக்கும்போது யார் இருட்டறைக்குள் வருவார்கள்? ஐப்பசி, கார்த்திகையில் மேகம் இறங்கி எதிர்வீடு தெரியாமல் போகும் நாட்களில்தான் ஸ்டூலுக்குச் சண்டை வரும். உள்ளூர்ப் பையன்கள், சனிக்கிழமை வெளியே விடப்பட்ட விடுதி மாணவர்கள், சவாரி வராத வேன் டிரைவர்கள். டிரைவர்கள்தாம் நன்றாக ஆடுவார்கள். எப்போது ஒதுங்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அப்படி ஒரு மழை நாளில், மகனைத் தேடிக்கொண்டு அப்சர்வேட்டரியில் வேலை பார்த்த ஒருவர் வந்தார். திட்டுவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பூச்சிகளுக்குப் பின்னால் மெல்ல இறங்கிக்கொண்டிருந்த புள்ளிகளைக் காட்டி, "இது எந்த ஊரு வானம்?" என்று கேட்டார்.

"ஜப்பான் வானமா இருக்கும் சார்" என்றார் மாமா.

"ஒரு நட்சத்திரமும் பிடிபடலையே" என்று சொல்லிவிட்டு மகனை அழைத்துக்கொண்டு போனார். அந்தக் கேள்வி என்னோடு தங்கிவிட்டது. விண்வெளி ஆட்டங்களைப் பற்றிப் பின்னாளில் நான் படித்ததெல்லாம் அதற்கு விடை தேடித்தான்.

கேலக்சியனைப் பொறுத்தவரை, அவர் சொன்னது சரி. அது எந்த ஊர் வானமும் இல்லை. 1978-இல் டைட்டோ நிறுவனத்துக்காகத் தொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸின் திரையில் நட்சத்திரமே கிடையாது; வெறும் கறுப்பு. அதில் எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடுவதுகூட, வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் எந்திரம் தானாகவே விரைந்து ஓடியதால் வந்தது. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டுவிட்டார். மறுவருடம் வந்த கேலக்சியன், வண்ணத்தையும் ஓடும் நட்சத்திரங்களையும் கொண்டுவந்தது. அதற்கென மின்பலகையில் தனியாக ஒரு சுற்று வைத்தார்கள். தாறுமாறாகத் தோன்றும் எண்வரிசை ஒன்றை அது ஓயாமல் எழுப்பும். அந்த எண்கள் சொல்லும் இடத்தில் புள்ளி மின்னும். அழகுதான், ஆனால் பெயர் சொல்லி அழைக்க ஒரு விண்மீன்கூட அதில் இல்லை.

ஆனால் இவற்றுக்கெல்லாம் மூத்த ஆட்டத்தில் நிஜ வானம் இருந்தது. 1962-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பிடிபி-1 என்ற கணினியில் ஸ்பேஸ்வார் என்ற ஆட்டத்தை எழுதினார்கள். இரண்டு கப்பல்கள், நடுவில் இரண்டையும் இழுக்கும் ஒரு சூரியன். பின்னணியில் முதலில் தூவியிருந்த கண்டபடியான புள்ளிகள் பீட்டர் சாம்சன் என்ற மாணவருக்குப் பொறுக்கவில்லை. உண்மையான விண்மீன்களின் இடங்களை எடுத்து, பிரகாசம் உட்பட வானத்தைக் கணினியில் எழுதினார். ஒளி கூடியவை அழுத்தமாகவும் மங்கியவை மெலிதாகவும் தெரியும். இரவு நகர்வதுபோல வானமும் திரையில் நகரும். அவர் எடுத்துக்கொண்டது வான நடுக்கோட்டுக்கு வடக்கே இருபத்திரண்டரை பாகை, தெற்கே இருபத்திரண்டரை பாகை கொண்ட பட்டை.

அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கொடைக்கானல் இருப்பது வடக்கே பத்து பாகையில். அப்படியென்றால் அந்தப் பட்டை எங்கள் தலைக்கு நேர் மேலே போகிறது. திருவாதிரை, ரோகிணி, மகம், சித்திரை, சுவாதி, திருவோணம் எல்லாம் அதற்குள் அடங்கும். கார்த்திகைக் கூட்டம் வடக்கே சற்றுத் தள்ளியும் கேட்டை தெற்கே சற்றுத் தள்ளியும் வெளியே நின்றுவிடும். பாஸ்டன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மாணவர் எழுதிய முதல் விண்வெளி ஆட்டத்தின் வானம், கார்த்திகை, கேட்டை போலப் பட்டைக்கு வெளியே நின்றவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மூஞ்சிக்கல்லில் மின்தடை நேரத்தில் வாசலுக்கு வந்து நாங்கள் அண்ணாந்து பார்த்த அதே வானம். அந்த அப்சர்வேட்டரிக்காரருக்கு இதைச் சொல்ல முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அவர் வேலை பார்த்த இடம் பெயர்களையும் நாட்களையும் ஒன்றுவிடாமல் வைத்திருக்கும் இடம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று தெரிந்துகொள்ள ஆசை பிறந்தது. அதற்கு ஓர் இடம் தேடி, வானியலாளர் மிச்சி ஸ்மித் பழனி மலையையும் நீலகிரியையும் ஆராய்ந்து கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1899-இல் ஆய்வகம் அமைந்தது, 1901-இல் பார்வைப்பணி தொடங்கியது. மோட்டார் சாலை வருவதற்கு முந்தைய காலம் அது. தூக்கிக்கொண்டு வந்ததெல்லாம் மலைப்பாதையில்தான். 2,343 மீட்டர் உயரத்தில், சூரியன் எழுந்த பின் சில மணி நேரம் காற்று அசையாதிருக்கும்போது அங்கே படம் தெளிவாக விழும். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அப்படி ஒரு காலையில்தான், சூரியப் புள்ளியின் ஓரத்தில் வாயு நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை நிறமாலைக் கோடுகளின் நகர்வில் கண்டார். உலகம் அதை இன்றும் எவர்ஷெட் விளைவு என்கிறது. அவருடைய மனைவி மேரி, கொடைக்கானலுக்கு வருவதற்கு முன்பே தென்வான விண்மீன்களுக்கு ஒரு கையேடு எழுதியவர்; இங்கே கணவரோடு சேர்ந்து சூரியத் தீநாக்குகளை ஆராய்ந்தார். அவரைப் பற்றி நம் ஊரில் இன்னும் நிறையப் பேச வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, மேகம் விட்ட நாளெல்லாம் அங்கே சூரியனைப் படம் பிடித்திருக்கிறார்கள். கண்ணாடித் தகடுகள், பிறகு பிலிம், இப்போது எல்லாம் கணினிமயம். நூறாண்டுக்கு முந்தைய ஒரு காலையில் சூரியனில் எத்தனை கறை இருந்தது என்று இன்று தேடிப் பார்க்கலாம். அதே மலையில், மேகம் விடாத நாளெல்லாம் நிரம்பிய மாமாவின் பின்னறைக்கு ஒரு சீட்டுகூட மிச்சமில்லை. ஒரு புகைப்படமும் இல்லை. எனக்கு இது ஆற்ற முடியாத வருத்தம். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் முதன்முதலாக ஒரு கணினியைத் தொட்டது அந்த மாதிரி அறைகளில்தான். பள்ளிகளுக்குக் கணினி வருவதற்கு முன், அரை மணிக்கு 5 ரூபாய் கொடுத்து அதைக் கற்றார்கள்.

தொழில் சீக்கிரமே முடிந்தது. 1993-இல் சன் டிவி வந்து, கேபிள் வீடு வீடாக ஏறியது. கேம் பெட்டியின் விலை இறங்கி, கொஞ்சம் வசதியான வீடுகளில் பிறந்தநாள் பரிசானது. மாமா பின்னறையை எஸ்.டி.டி. பூத்தாக மாற்றினார், அது பிரவுசிங் சென்டராகி, பிறகு அதுவும் போனது.

பெருமாள்மலை, பண்ணைக்காடு, தாண்டிக்குடி, வத்தலக்குண்டு என்று மலையிலும் அடிவாரத்திலும் இப்படிக் கடை வைத்திருந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த வருடம் தொடங்கினார்கள், பெட்டியை யாரிடம் வாங்கினார்கள், மணிக்கு என்ன வாங்கினார்கள், எந்தக் கேசட்டுக்குக் கூட்டம் வந்தது என்பதை அவர்கள் சொல்ல, பக்கத்தில் இருப்பவர்கள் எழுதி வைக்க வேண்டும். நான் மாமாவிடம் தொடங்கியிருக்கிறேன். இரண்டு பேர் சேர்ந்து ஆடினாலும் அதே 5 ரூபாய்தான் என்றார். கரண்ட் போனால் மீதி நேரத்தை மறுநாள் கொடுத்துவிடுவாராம். காசு இல்லாமல் வாசலில் நின்று பார்த்த பிள்ளைகளைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு உள்ளே விட்டிருக்கிறார். கடன் சொன்னவர்களின் பெயர்கள் அவருக்கு இப்போதும் வரிசையாக நினைவிருக்கின்றன. அவற்றை மட்டும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.