தொடக்கநிலை இரைப்பைப் புற்றுநோய்: அறுவைச் சிகிச்சையின் வரலாறு

இரைப்பைச் சுவரின் சளிப்படலத்தையோ அதை ஒட்டியுள்ள கீழ்ப்படலத்தையோ தாண்டாத புற்று, தொடக்கநிலை இரைப்பைப் புற்றுநோய் எனப்படும். நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தாலும் பெயர் மாறாது. இந்த வரையறை 1962இல் ஜப்பானில் வகுக்கப்பட்டது.

தொடக்கம்: 1881 ஜனவரி 29 அன்று வியன்னாவில் தியோடர் பில்ரோத் புற்றுள்ள இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டியெடுத்து, எஞ்சியதை முன்சிறுகுடலுடன் இணைத்தார். அறுவையைத் தாண்டிப் பிழைத்த அந்தப் பெண், நான்கு மாதங்களுக்குள் புற்று பரவி இறந்தார். நோய் முற்றிய பிறகே தெரியவந்ததால், நுட்பம் தேறியும் ஆயுள் நீளவில்லை.

கண்டறிதல்: 1950இல் ஜப்பானில் உருவான இரைப்பைக் கேமராவும், பேரியத்தையும் காற்றையும் சேர்த்து எடுக்கும் எக்ஸ்ரே படமும் சிறு புற்றுகளைக் காட்டித்தந்தன. 1960களில் எக்ஸ்ரே வண்டிகள் ஊர் ஊராகச் சென்று மக்களைப் பரிசோதித்தன.

பிழைப்பு விகிதம்: இரைப்பையின் பெரும்பகுதியைக் கணுக்களோடு அகற்றியபோது, தொடக்கநிலை நோயாளிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தனர். 2000இல் வெளியான 5,265 பேரின் ஆய்வில், சளிப்படலப் புற்றுகளில் 2.2 விழுக்காடும் கீழ்ப்படலப் புற்றுகளில் 17.9 விழுக்காடுமே கணுக்களை எட்டியிருந்தன. பெரிய அறுவைக்குப் பின் உடல் மெலிவும், சாப்பிட்டதும் படபடப்பும் தலைசுற்றலும் பலரை வாட்டும். பரவாத புற்றுக்கும் இவ்வளவு வெட்ட வேண்டுமா என்ற கேள்வியே அடுத்த மாற்றங்களுக்கு வழிவகுத்தது.

சிறிய அறுவை: 1991இல் சீகோ கிட்டானோ சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் நுழைத்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பி துணையுடன் இரைப்பையின் கீழ்ப்பகுதியை அகற்றினார். 1,416 பேர் பங்கேற்ற கொரிய ஆய்வில் ஐந்தாண்டுப் பிழைப்பு இம்முறையில் 94.2, வயிற்றைத் திறந்து செய்ததில் 93.3 விழுக்காடு. 1990களில் வயிற்றைக் கீறாத முறையும் வந்தது. வாய்வழியே இரைப்பைக்குள் செலுத்தும் எண்டோஸ்கோப் என்ற குழாய்க் கருவி வழியே புற்றின் அடியில் திரவம் செலுத்தி அதை மேலே எழுப்புவர். சுற்றிலும் கீறி, கீழ்ப்படலத்தின் ஊடே ஒரே துண்டாக உரித்தெடுப்பர். இதற்கான மின்கத்தி ஒன்றின் நுனியில், சுவர் துளைபடாதிருக்கப் பீங்கான் உருண்டை உண்டு. எடுத்த துண்டில் புற்று ஆழமாகவோ நாளங்களிலோ ஊடுருவியிருந்தால், கணுக்களையும் அகற்றும் அறுவை பெரும்பாலும் தேவைப்படும்.

பின்தொடர்தல்: காப்பாற்றப்பட்ட இரைப்பையில் புதிய புற்று தோன்றலாம். எனவே எண்டோஸ்கோப்பிப் பரிசோதனை தொடர வேண்டும். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருந்தால் மருந்தால் ஒழிக்க வேண்டும். கிருமியை ஒழித்தால் புதிய புற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைவதை 2018இல் வெளியான கொரிய ஆய்வு காட்டியது.