கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல்

பெயரைக் கேட்டால் மருத்துவமனை என்று தோன்றும். ஆனால் இது இங்கிலாந்தில் உள்ள ஒரு விடுதிப் பள்ளிக்கூடம். 16ஆம் நூற்றாண்டில் 'ஹாஸ்பிட்டல்' என்ற சொல் திக்கற்றவர்களைப் பேணும் அறச்சாலையையும் குறித்தது. இந்தப் பள்ளி பிறந்ததும் அப்படித்தான். மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபின், ஏழைகளுக்கு அங்கே கிடைத்துவந்த ஆதரவும் அற்றுப்போனது. பிஷப் நிக்கலஸ் ரிட்லி செய்த பிரசங்கம் இளம் மன்னர் ஆறாம் எட்வர்டின் மனத்தைத் தொட்டது. லண்டன் நகரத்தார் பணம் திரட்டினார்கள். நியூகேட்டில் பிரான்சிஸ்கன் துறவிகள் விட்டுச்சென்ற மடத்தில், 1552 நவம்பரில் 380 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். 1553 ஜூனில் சாசனத்துக்கு ஒப்புதல் தந்த மன்னர், அடுத்த மாதமே இறந்தார். அப்போது அவருக்கு வயது 15.

கணுக்கால்வரை நீண்ட நீல அங்கி, தோல் இடைவார், முழங்கால்வரை மஞ்சள் காலுறை: அறச்சாலைப் பிள்ளைகளுக்குத் தந்த இந்த உடையின் சாயல் இன்றும் மாறவில்லை. ஒருகாலத்தில் வறுமையின் அடையாளமாக இருந்ததை மாணவர்கள் இன்று பெருமையோடு அணிகிறார்கள்.

மன்னர் இரண்டாம் சார்லஸ் 1673இல் இங்கே கணிதப் பள்ளி ஒன்றை நிறுவினார். கப்பலோட்டத் தெரிந்த இளைஞர்கள் நாட்டுக்குத் தேவைப்பட்டார்கள். கடற்படை நிர்வாகி சாமுவேல் பெப்பிஸ் அதற்காகப் பாடுபட்டார். பாடத்திட்டம் குறித்து ஐசக் நியூட்டனிடமும் ஆலோசனை கேட்கப்பட்டது. கேப்டன் குக்கின் இரண்டாம் பயணத்தில் வானியலாளராகச் சென்ற வில்லியம் வேல்ஸ் பிற்காலத்தில் அங்கே ஆசிரியரானார். கவிஞர் கோல்ரிட்ஜ் மாணவராக இருந்த காலம் அது.

கோல்ரிட்ஜின் பள்ளித்தோழர் சார்லஸ் லாம். தாம் படித்த பள்ளியைப் போற்றி 1813இல் ஒரு கட்டுரை எழுதிய லாம், 1820இல் அதே பள்ளியைப் பற்றி மீண்டும் எழுதினார். இம்முறை, நகரில் உறவென்று யாருமில்லாத சிறுவனின் கண்ணால் பார்த்தார்: அரைகுறைச் சாப்பாடு, தனிமை, ஓடிப்போன பிள்ளைகளை அடைத்த இருட்டறை. லாமின் வீடு அருகிலேயே இருந்தது; தொலைவிலிருந்து வந்த கோல்ரிட்ஜ்தான் அந்தச் சிறுவன். ஒரே விடுதி இருவருக்கும் ஒன்றாக இல்லை என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன பள்ளி நினைவுகள் குறைவு.

1902இல் பள்ளி லண்டனை விட்டு சசெக்ஸில் உள்ள ஹார்ஷம் அருகே இடம்பெயர்ந்தது. ஹார்ட்ஃபோர்டில் தனியே படித்துவந்த மாணவியர் 1985இல் இங்கே வந்து சேர்ந்தனர். ஏழைகளுக்கெனத் தொடங்கிய ஆங்கிலேயப் பள்ளிகள் பல காலப்போக்கில் செல்வந்தர் வசமாயின. இங்கோ, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் நிர்ணயிக்கப்படுகிறது. முற்றிலும் இலவசமாகப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். மதிய உணவு வேளையில் மாணவர்கள் எல்லாரும் ஒரே நீல அங்கியில், பேண்டு வாத்திய இசைக்கு ஏற்ப அணிவகுத்து உணவுக்கூடத்துக்குள் நடக்கிறார்கள்.